பாளைச் சாற்றுக்கு ஒரு கடை

வீட்டிலேயே பீர் செய்வதற்கான மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், புளிக்கவைக்கும் வாளி, அடர்த்தி அளக்கும் கண்ணாடிக் குழல் என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் விற்கும் கடைகள் பல நாடுகளில் இருக்கின்றன. வீட்டுக் கூடத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்து இணையம் வழி விற்றுப் பழகியவர்கள், வியாபாரம் பெருகியதும் கடைவீதிக்கு வந்து பெயர்ப்பலகை மாட்டுகிறார்கள். சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் மலாக்கா இளைஞர்களுக்கு அந்த ஆசை வந்தால் வியப்பதற்கில்லை. சொந்தக் கடை என்பது சம்பளத்துக்கு உழைத்தே தலைமுறைகள் கழிந்த குடும்பங்களின் பெருங்கனவு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் போன்ற, தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழர்கள் தாமான் எனப்படும் குடியிருப்புகளில் குடியேறி வாழும் ஊர்களில் இப்படி ஒரு கடையைத் திறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதே வீதியில் வேறொரு கடையைத் திறந்தே ஆக வேண்டும் என்பது அதைவிட உறுதியான கருத்து.

முதலில் சட்டம். மலேசியாவில் மதுத் தயாரிப்பை ஆள்வது 1976ஆம் ஆண்டின் கலால் சட்டம். உரிமம் இல்லாமல் மது தயாரிக்க அது இடம் தருவதில்லை. சபா, சரவாக் பூர்வகுடிகள் தங்கள் வழக்கப்படி துவாக், தாப்பாய் போன்ற மதுவகைகளை வீட்டுத் தேவைக்குச் செய்துகொள்ளலாம். தீபகற்பத்தில் இருக்கும் நமக்கு அந்தச் சலுகை இல்லை. மால்ட்டும் ஈஸ்ட்டும் சமையல் பொருள்தானே, அதை விற்பதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த நியாயம் கடைக்காரரைத்தான் காப்பாற்றும். பையில் போட்டு எடுத்துச் சென்று வீட்டில் புளிக்கவைப்பவரை அது காப்பாற்றாது. தன் வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் சட்டத்தின் தவறான பக்கத்தில் நிற்கவைத்துவிட்டு நடத்தும் வியாபாரம் எத்தனை நாளைக்கு ஓடும்?

அரசாங்கம் ஏன் இத்தனை கண்டிப்பாக இருக்கிறது என்பதற்கு வரியைப் பார்த்தால் போதும். 2016 மார்ச்சில் பீருக்கான கலால் வரி, அதிலுள்ள தூய ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 175 ரிங்கிட் என்று மாற்றப்பட்டது. 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள பீர் 20 லிட்டர் செய்தால் அதில் தூய ஆல்கஹால் ஒரு லிட்டர் இருக்கும். ஆக, ஒருவர் தன் வீட்டு அடுப்படியில் ஒரு வாளி பீர் புளிக்கவைக்கும்போது அந்த 2016 விகிதப்படி 175 ரிங்கிட் வரி கருவூலத்துக்குப் போகாமல் நின்றுவிடுகிறது.

பிற நாடுகள் இந்தக் கதவைத் திறந்துவிட்டிருக்கின்றன. பிரிட்டன் 1963இல் வீட்டு பீருக்கான உரிமத் தேவையை நீக்கியது. அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. சிங்கப்பூர் 2004 முதல் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்தத் தேவைக்குப் புளிக்கவைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. சாராயம் வடிப்பதற்கு மட்டும் அனுமதி இல்லை. நம் நாடும் ஒருநாள் அந்த வழியில் போனால், தன் வீட்டில் தனக்காக ஒருவர் செய்துகொள்வதை நான் எதிர்க்க மாட்டேன். அப்போதும் என் மறுப்பு நிற்கும். ஏனென்றால் என் கவலை பீர் பற்றியது இல்லை. கடை எங்கே நிற்கிறது, யாருடைய கூலியை எதிர்பார்த்து நிற்கிறது என்பது பற்றியது.

வியாபாரக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஏல் வகை பீருக்கான ஈஸ்ட் பெரும்பாலும் 18 முதல் 22 டிகிரி வெப்பத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். மலாக்காவில் வீட்டுக்குள்ளேயே பகலில் 30 டிகிரியைத் தொடுகிறது. அந்தச் சூட்டில் புளித்த பீரில் வாயில் வைக்க முடியாத ஒரு காட்டமான வாடை ஏறிவிடும். எனவே வாங்குபவர் குளிர்பெட்டி ஒன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஹாப்ஸைக் கடையிலும் குளிரில்தான் வைத்திருக்க வேண்டும். சரக்கு எல்லாமே இறக்குமதி. வாளியையும் குழலையும் ஒருவர் ஒருமுறைதான் வாங்குவார். மாநில மக்களில் பெரும்பான்மையான முஸ்லிம்கள் படியேறவே மாட்டார்கள். மீதியுள்ளோரிலும் இந்தப் பொழுதுபோக்குக்குப் பணமும் பொறுமையும் உள்ளவர்கள் சிலரே. அவர்களும் அலோர் காஜா வரை வருவதைவிட வீட்டு வாசலுக்கே வரவழைத்துக்கொள்வார்கள். மாதக் கடைசியில் வாடகை நெருக்கும்போது கடைக்காரர் எதை விற்பார்? மூட்டைச் சர்க்கரையும், டர்போ ஈஸ்ட் என்று விற்கப்படும் வீரிய ஈஸ்ட்டும் அலமாரியில் முன்னுக்கு வரும். வெறும் சர்க்கரைத் தண்ணீரைச் சில நாளில் 14 விழுக்காட்டுக்கும் மேல் ஏற்றிவிடும் பொருள் அது. அதை வாங்குகிறவர் பீரின் சுவை நாடி வருபவர் இல்லை. வடிக்க வருபவர். இப்படித்தான் நல்ல எண்ணத்தோடு திறந்த கடை, திறந்தவரே நினைக்காத இடத்துக்குப் போய்ச் சேரும்.

நம் மக்களுக்கு அப்படி ஒரு கடையின் கதை தெரியும். வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும்.

மலாயாவின் ரப்பர் தோட்ட வரலாறு மலாக்காவில்தான் தொடங்குகிறது. 1896இல் சீன வணிகர் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் பால்மரம் நட்டார். அடுத்த சில ஆண்டுகளில் புக்கிட் அசஹானில் ஏறக்குறைய 3,000 ஏக்கர் காடு தோட்டமானது. 1906இல் அது லண்டன் கம்பெனியின் கைக்குப் போனது. அந்தக் காலத்தை ஒட்டித்தான் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டி மலாயா முழுவதும் கொண்டுவந்து இறக்கினார்கள். தோட்டம் என்றால் லயம், கோயில், பள்ளி, ஆயாக்கொட்டகை, கிராணி வீடு, குன்றின் மேல் துரை பங்களா. இவற்றோடு, பல தோட்டங்களில் எல்லைக்குள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை. பள்ளிக்கூடத்துக்கு ஓர் ஆசிரியரும் ஒழுகாத கூரையும் கிடைக்கத் தவம் கிடந்த காலத்தில், கள்ளுக்கடைக்கு இடமும் உரிமமும் தட்டில்லாமல் கிடைத்தன.

கடையை ஆதரித்தவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு. கள் சத்துள்ளது என்பது ஒன்று. கள்ளை மூடினால் தொழிலாளி திருட்டுச் சாராயமான சம்சுவுக்குப் போய்விடுவான் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. புதுக்கள்ளில் பி வகை வைட்டமின்கள் இருக்கின்றன. கள்ளுக்கடை மறைந்த இடங்களில் சம்சு நுழைந்ததையும் நாம் கண்டோம். ஆனால் சத்துக் குறைவைத் தீர்க்கக் கூலியை உயர்த்தியிருக்கலாமே? வேலை முடிந்து வந்தவனுக்கு மாலைப் பொழுதைக் கழிக்க ஒரு நூலகமோ திடலோ கட்டியிருக்கலாமே? கொடுத்த கூலியில் ஒரு பங்கு தோட்ட எல்லையைத் தாண்டாமல் அங்கேயே கரைந்துபோனது. குடித்தவன் கடனாளியானான். கடனாளி வேறு தோட்டம் தேடிப் போக மாட்டான் என்பது நிர்வாகத்துக்கு வசதியாக இருந்தது. கூலி நாள் மாலையில் அப்பாவை அழைத்துவரக் கள்ளுக்கடை வாசலுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகளாக நம்மோடு இருக்கிறார்கள். அடிபட்ட அம்மாக்களின் கணக்கை எந்தத் தோட்டப் பேரேடும் எழுதி வைக்கவில்லை.

இந்தக் கடையை நம் மக்கள் வாய்மூடி ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்று வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிப்பது இருந்தது. அவற்றோடு கள்ளுக்கடைகளை மூடு என்பதும் இருந்தது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, துருப்புகள் வந்தன, தொழிலாளர் உயிர்கள் போயின. போர் முடிந்த பிறகு கெடாவில் தொண்டர் படை எழுந்தது. சுங்கை பட்டாணி ஹார்வர்டு தோட்டத்து ஏ.எம். சாமி அதன் தலைவராக விளங்கினார். இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சி பெற்றவர்கள் அதில் இருந்தார்கள். 1947 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தவர்களைப் போலீஸ் தாக்கியது.

தொண்டர் படை குடித்தவர்களைப் பிடித்துத் தண்டித்ததும் உண்டு. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் உயர்நிலைப் பள்ளி வாசலைக்கூட மிதிக்காத அந்தத் தோட்டத்து இளைஞர்கள் ஒன்றைச் சரியாகக் கண்டுகொண்டார்கள். குடிப்பவனுக்கு எத்தனை புத்தி சொன்னாலும், லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை இருக்கும்வரை பயனில்லை. கிள்ளானும் கெடாவும் மலாக்காவுக்குத் தூரம்தான். தோட்டத்தின் அமைப்பு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் காலியாயின. கள்ளுக்கடை இருந்த இடத்தில் மளிகைக் கடையின் சம்சு போத்தல் வந்து உட்கார்ந்தது. சட்டைப்பையில் அடங்கும் சின்ன போத்தல், சில வெள்ளி விலை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் அதன் தலைவராயிருந்த எஸ்.எம். முகம்மது இத்ரீஸும் பல ஆண்டுகள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 2017 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இவ்வகை மலிவு மதுவை 700 மில்லி லிட்டருக்குக் குறையாத கண்ணாடிப் போத்தலில்தான் அடைக்க வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. மது வாங்கும் வயதும் 18இலிருந்து 21ஆக உயர்ந்தது. சின்ன போத்தலை ஒழித்தது ஒரு பெரிய வெற்றி. அன்றாடக் கூலியில் அன்றன்று குடிக்கும் பழக்கத்தின் கழுத்தைப் பிடித்த விதி அது. இத்தனை காலம் போராடி ஒரு வாசலை அடைத்துவிட்டு, இருபது லிட்டர் வாளியோடு இன்னொரு வாசலை நாமே திறப்பதா?

ஓர் அச்சத்தை இங்கே விலக்கிவிட வேண்டும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நச்சு மது குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். அவர்களைக் கொன்றது மலிவு மதுவில் கலந்த மெத்தனால். தானியத்தையோ பாளைச் சாற்றையோ வெறுமனே புளிக்கவைத்தால் அந்த அளவு மெத்தனால் உண்டாவதில்லை. எனவே வீட்டில் செய்த பீர் குடித்தால் கண் போய்விடும் என்று பயமுறுத்தி இந்தக் கடையை நான் தடுக்கவில்லை. பொய்யான பயம் நல்ல காரணத்துக்கும் கெடுதல்தான் செய்யும்.

சரி, வேறு எந்தக் கடை?

அறுநூறு ஆண்டுகளுக்கு முன் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்களோடு மலாக்காவுக்கு வந்த மா ஹுவான், கடலோரத்து நீப்பா மரத்தின் காயிலிருந்து இவ்வூரார் மது செய்ததை எழுதி வைத்திருக்கிறார். புளிக்கவைக்கும் கைத்திறன் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. தென்னம்பாளையைச் சீவினால் வடியும் சாற்றில் 12 முதல் 15 விழுக்காடு சர்க்கரை இருக்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவி, இறக்கிய கையோடு காய்ச்சினால் அது வெல்லம். சில மணி நேரம் சும்மா விட்டால் கள். இன்னும் சில வாரம் காற்றுப்பட விட்டால் காடி, அதாவது வினிகர். மரம் ஒன்று, பாளை ஒன்று, சீவும் கத்தியும் ஒன்று. மலாய்க் கம்பங்களில் அந்தச் சாறு கூலா மலாக்காவாக மூங்கில் குழாயில் உறைந்தது. மாநிலத்தின் பெயரையே தாங்கி உலகம் சுற்றியது. தோட்டத்தில் அதே சாறு, அதே அளவு திறமையுள்ள நம் ஆட்களின் கையில், கள்ளாக மட்டுமே இறங்கியது. மரமேறியின் திறமையில் குறை இல்லை. தோட்டம் அவரிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

அந்தக் கைகள் இன்னும் முழுதாக மறைந்துவிடவில்லை. பாளையை எப்போது கட்ட வேண்டும், எத்தனை நாள் தட்டிப் பதப்படுத்த வேண்டும், எந்தக் கோணத்தில் சீவினால் சாறு தடையின்றி வடியும் என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துக் கேட்டுக்கொள்ள நமக்கு நிறையக் காலம் இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் உண்மையான பதற்றமே அதுதான்.

ஆகவே ஜாசினிலோ மெர்லிமாவிலோ ஒரு கடை திறக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் முன்வைப்பது பாளைச் சாற்றுக் கடை. தென்னை வெல்லம், குளிரவைத்த பதநீர், தென்னங்காடி, அந்தக் காடியில் ஊறிய மாங்காயும் எலுமிச்சையும். ஆப்பத்துக்கும் இட்லிக்கும் அரைத்துப் புளிக்கவைத்த மாவு. புளிக்கவைக்கும் கலையைக் கற்க ஆசைப்பட்டவருக்கு இதில் ஆயுள் முழுவதும் கற்க வேலை இருக்கிறது. வெப்பம், நேரம், சுத்தம் மூன்றையும் பீருக்குப் பார்ப்பதுபோலவே இங்கும் பார்க்க வேண்டும். பெரிய வேறுபாடு, இங்கே நம் வெயில் எதிரியாக நிற்பதில்லை. காடியாக்கும் நுண்ணுயிர் 30 டிகிரிச் சூட்டில் நன்றாகவே வேலை செய்யும். குளிர்பெட்டிக்குள் வைத்துப் பீருக்குத் தாலாட்டுப் பாட வேண்டியதில்லை.

வாடிக்கையாளர் பக்கமும் கணக்கு மாறுகிறது. கூலா மலாக்கா வாங்க மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் வருவார்கள். காடி முஸ்லிம்களுக்கும் ஆகுமானது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் மலாக்கா சேர்ந்த பிறகு ஜோங்கர் வீதிக்கு வரும் கூட்டம், செண்டோல் குடித்துவிட்டு வெல்லத்தைப் பொட்டலமாகவும் வாங்கிப் போகிறது. அவர்களுக்கு விற்க ஜோங்கர் வீதியில் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. மெர்லிமாவில் காய்ச்சி அங்குள்ள கடைகளுக்குப் போடலாம். ஒரு மரம் நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் சாறு தரும். ஒரு கிலோ வெல்லத்துக்கு ஏழெட்டு லிட்டர் சாறு வேண்டும். அதாவது நாலைந்து மரத்துக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ. விறகும் ஆள்கூலியும் போக, மலிவு வெல்லத்தோடு விலையில் போட்டியிட முடியாது என்பது உடனே தெரிகிறது. சந்தையில் கரும்புச் சர்க்கரை கலந்தவை நிறைய உண்டு. கலப்படமில்லாத வெல்லத்தை, கலப்படமில்லை என்று நிரூபித்து, அதற்கான விலையில்தான் விற்க வேண்டும். எளிய வழி என்று நான் சொல்லவில்லை.

தமிழ்நாட்டைப் பாருங்கள். 1987 முதல் அங்கே கள்ளுக்குத் தடை. அரசே நடத்தும் டாஸ்மாக் கடைகளோ ஊருக்கு ஊர் நிற்கின்றன. மரமேறியின் பிழைப்பை மூடிவிட்டு ஆலைச் சாராயத்துக்கு அரசே கடை திறந்த அந்த வழி நமக்கு வேண்டாம். நாளை யாராவது கள்ளையே முறைப்படி விற்க உரிமம் கேட்டால், மரமேறிகள் சேர்ந்த கூட்டுறவுக்கு, குடியிருப்பிலிருந்தும் தமிழ்ப்பள்ளியிலிருந்தும் தள்ளி, கலப்படச் சோதனையோடு கொடுக்கட்டும். அதற்குமேல் அதில் எனக்கு அக்கறை இல்லை. என் அக்கறை வெல்லத்திலும் காடியிலும்.

இதற்குச் செய்ய வேண்டியவை தெரிந்தவைதான். நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் தொழில் பதிவு, ஜாசின் அல்லது அலோர் காஜா நகராட்சி மன்றத்தில் கடை, பெயர்ப்பலகை உரிமம், உணவு கையாளுவோர் பயிற்சி, டைபாய்டு தடுப்பூசி, பிறகு சுகாதார அமைச்சின் மெஸ்தி எனும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ். காடி, கள்நிலையைத் தாண்டித்தான் வருகிறது. எனவே முதல் கலயத்தைப் புளிக்கவைக்கும் முன்பே சுங்கத் துறைக்கு எழுதி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பதில் வரும்வரை வெல்லத்தோடும் மாவோடும் கடையை நடத்தலாம். முதலுக்கு தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடன் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே இருக்கிறது. நம் அரசியல் தலைவர்கள் தொழில்முனைவோர் கருத்தரங்குகளில் பேசுவதில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு, சுங்கத் துறையிடம் காடித் தயாரிப்புக்குத் தெளிவான ஒரு நடைமுறையைக் கேட்டு வாங்கித் தந்தால் அதுவே பேருதவி.

மரத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். மெர்லிமாவிலிருந்து சுங்கை ரம்பை வரையிலான கடலோரத்தில் தென்னை இருக்கிறது. காய்க்கு விலை இல்லாத நாளில் பாளையைக் குத்தகைக்கு விட உடையவர்கள் முன்வரக்கூடும். உயர்ந்த மரம் ஏற இன்றைய பிள்ளைகள் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது, விழுந்தவர்களை இச்சமூகம் அறியும். குட்டை மலாயத் தென்னையும் அதிலிருந்து வந்த மாதாக் கலப்பினமும் இருக்கின்றன. நட்டுப் பராமரித்தால் மூன்று, நான்கு ஆண்டில் பாளை விடும். முதல் சில ஆண்டுகளுக்குத் தரையில் நின்றே சீவலாம். கடைக்கு இடம் பார்ப்பதற்கு முன் கன்றுக்கு இடம் பார்க்க வேண்டும். அரை ஏக்கர் போதும், சுற்றி வேலியும் காண்டாமிருக வண்டுக்குக் காவலும் வேண்டும். பாளை சீவத் தெரிந்த பெரியவர் ஒருவரை அந்த வேலிக்குள் அழைத்துவந்து, மாதச் சம்பளம் பேசி, நாற்காலி போட்டு உட்காரவைக்க வேண்டும்.